ஸ்கேன் நம்பருக்குப் பிறகுதான் வேலை: பழைய காரில் எரியும் எஞ்சின் லைட்

கொழும்பில் ஓடும் கார்களுக்கு வயதாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் புதிதாக வாங்க நினைத்தவர்கள் இருப்பதையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். வழி திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுப் பழையதே போதும் என்று திரும்பியவர்கள் ஏராளம். ஆகவே கொரொல்லா 110, 121, நிசான் எஃப்பி 15, பழைய மார்ச், மாருதி என்று இருபது வருடம் தாண்டிய வண்டிகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் தினசரி வேலைக்குப் போய்வருகின்றன.

இப்படியான காரின் டாஷ்போர்டில் ஒருநாள் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரியும். கார் வழக்கம்போல ஓடும், சத்தத்தில் மாற்றம் இருக்காது. கராஜில் ஸ்கேன் பண்ணுவார்கள், ஒரு நம்பர் வரும், நம்பரோடு ஒரு சென்சரின் பெயர் வரும், சென்சரை மாற்றுவார்கள். ஒரு கிழமையில் லைட் திரும்ப எரியும். இந்தச் சுற்றில் மூன்று நான்கு பொருட்களுக்குக் காசு கொடுத்தவர்கள் என் வட்டாரத்திலேயே பலர். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்பது அவர்கள் முடிவு. சில இடங்களில் அதுவும் நடக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. எஞ்சின் கணினி தான் கண்ட அறிகுறியைத்தான் நம்பராக எழுதி வைக்கிறது. எந்தப் பொருள் கெட்டது என்று அதற்கே தெரியாது.

உள்ளே போகும் காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளியே போகும் புகையில் எவ்வளவு ஒக்சிசன் மிச்சம் என்பதையெல்லாம் சென்சர்கள் மின்னழுத்தமாக ஈசியூ என்ற எஞ்சின் கணினிக்கு அனுப்புகின்றன. ஒரு சென்சரின் அளவு நடக்கவே முடியாத எல்லைக்குப் போனாலோ, இரண்டு சென்சர்கள் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தாமல் போனாலோ, ஈசியூ குறிப்பு எழுதும். பல பழுதுகளுக்கு முதல் தடவையே லைட்டைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தெரிந்தால்தான் போடும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாவிட்டால் தானே அணைத்துவிடும். ஆனால் எழுதிய குறிப்பு உடனே போகாது; ஏறத்தாழ 40 தடவை எஞ்சின் ஆறிச் சூடான பிறகுதான் அழியும். லைட் தானாக அணைந்துவிட்டது என்று சந்தோஷப்படுபவரின் காரிலும் ஸ்கேனர் போட்டால் தடயம் இருக்கும்.

லைட் நிலையாக எரிந்தால் அவசரமில்லை, அந்தக் கிழமைக்குள் பார்த்தால் போதும். விட்டு விட்டுச் சிமிட்டினால் விஷயம் வேறு: ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டரைச் சூடாக்கி உருக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் மலிவான வழி. ஒயில், தண்ணீர்ச் சூடு ஆகியவற்றின் சிவப்பு லைட்டுகள் தனி. அவை எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

அடுத்தது, கொழும்புக்காரருக்கு மட்டும் அதிகமாக வரும் ஒரு சிக்கல். கார் எந்த நாட்டுச் சட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் ஈசியூ பேசும் மொழி மாறும். இந்த லைட்டைச் சட்டமாக்கியது கலிபோர்னியா, 1988 மாடல்களிலிருந்து. எல்லா நிறுவனங்களும் ஒரே சொக்கட், ஒரே நம்பர் முறை வைக்க வேண்டும் என்ற ஓபிடி 2 விதி அமெரிக்காவில் 1996 மாடல்களோடு வந்தது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001. இந்தியாவில் முதற்கட்டம் 2010, இரண்டாம் கட்டம் 2013. ஜப்பானில் அதற்கு ஈடான விதி 2008இல்தான். நம்மிடம் உள்ள பழைய கார்களில் பெரும்பகுதி ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வந்தவை. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சொக்கட் இருக்கும், பார்த்தால் ஓபிடி 2 போலவே தெரியும், உள்ளே போவதோ அந்த நிறுவனத்தின் சொந்த மொழியாக இருக்கும்.

ஆகவே சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனரைச் சொருகினால், போனில் ‘தொடர்பு இல்லை’ என்று வரும். உடனே ஈசியூ போய்விட்டது என்று கதை கிளம்பும். ஈஎல்எம் 327 என்ற பெயரில் விற்கும் இந்தச் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை நகல்கள் என்பதால், நல்ல காரிலேயே சில நேரம் அவை பேசாது. நகல் பெட்டி, ஜப்பான் மொழிக் கார் இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஈசியூ மீது பழி போடுவதற்கு முன், டொயோட்டா, நிசான், ஹொண்டா என்று நிறுவனத்தைத் தெரிவு செய்து உள்ளே போகக்கூடிய முழு ஸ்கேனர் உள்ள கராஜில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னும் பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனரே தேவைப்படாது. எஞ்சின் அறையில் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்து டிஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பினால் லைட் சிமிட்டத் தொடங்கும். இரண்டு சிமிட்டல், இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 21: ஒக்சிசன் சென்சர் சுற்று. 22 தண்ணீர்ச் சூட்டு சென்சர், 41 த்ரொட்டில் நிலை சென்சர். இடைவெளியே இல்லாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் குறிப்பு எதுவும் இல்லை. பக்கத்துத் துளைகளில் பற்றரி மின்சாரமும் பெற்றோல் பம்ப் இணைப்பும் இருப்பதால், படத்தைப் பார்க்காமல் வயரைச் செருகக் கூடாது. பழைய ஹொண்டாவிலும் இதே வித்தை உண்டு, பயணிப் பக்கம் கால்வைக்கும் இடத்தின் மேலே இரண்டு பின் சொக்கட் ஒன்றை இணைக்க வேண்டும். செலவு பூச்சியம், எனக்கு இந்தப் பழைய முறையில் தனி மரியாதை.

சரி, நம்பர் கிடைத்துவிட்டது. இனித்தான் வேலையே.

கொழும்பில் அடிக்கடி காதில் விழும் பி0171ஐ எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கிறது. அடுத்து வரும் 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொது. அதற்கடுத்த 1 காற்று, எரிபொருள் கலவை. முழு நம்பரின் கருத்து, கலவையில் பெற்றோல் குறைவு அல்லது காற்று அதிகம் என்பதுதான். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஒக்சிசன் சென்சர் என்பதால் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். உண்மையைச் சொன்ன சாட்சியைப் பிடித்து உள்ளே போடும் வேலை இது.

இங்கே பார்க்க வேண்டியது ஸ்கேனரின் நேரடி அளவுகளில் வரும் ஃபியூல் டிரிம். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெற்றோலை விட எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறேன் என்று ஈசியூ சொல்லும் கணக்கு அது. நீண்டகால டிரிம் பத்து வீதத்துக்கு உள்ளே கூடினாலும் குறைந்தாலும் பழைய காருக்குக் குற்றமில்லை. இருபதைத் தாண்டினால்தான் லைட் வரும் எல்லையை நெருங்குகிறது. அந்த எண்ணைவிட, அது எப்போது கூடுகிறது என்பதே முக்கியம். உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார்ஃப்ளோ சென்சர் உள்ள எஞ்சினில், சும்மா நிற்கும்போது டிரிம் 25 காட்டி, 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் 5க்கு இறங்கினால் எங்கோ வக்கியூம் கசிகிறது, அதாவது சென்சர் அளக்காத காற்று ஓட்டை வழியே உள்ளே போகிறது. ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம், இன்டேக் கேஸ்கட் இறுகிப்போயிருக்கலாம். சின்ன ஓட்டை நிற்கும்போது பெரிய விகிதம், காற்று அதிகம் இழுக்கும்போது அற்ப விகிதம். இதற்கு எதிராக, நிற்கும்போது நன்றாக இருந்து ஏற்றத்திலும் வேகத்திலும் டிரிம் கூடினால், பெற்றோல் போதாமல் வருகிறது, அல்லது எயார்ஃப்ளோ சென்சரின் மெல்லிய கம்பியில் தூசி படிந்து காற்றைக் குறைத்துச் சொல்கிறது. முன் ஒக்சிசன் சென்சருக்கு முன்னால் சைலன்சர்க் குழாயில் வெடிப்பு இருந்தாலும், வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு இதே நம்பர் வரும்.

பத்து நிமிட வேலைதான் இது, எந்தப் பொருளும் வாங்கத் தேவையில்லை. இதைச் செய்யும் கராஜையும், நம்பரைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போன் எடுக்கும் கராஜையும் இந்த ஒரு விஷயத்திலேயே பிரித்தறியலாம். “பாஸ், டிரிம் எவ்வளவு காட்டுது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் வண்டியைக் கொடுக்கலாம். எயார்ஃப்ளோ சென்சரை வாங்கும் முன் அதற்கென விற்கும் ஸ்பிரேயால் கழுவிப் பார்க்க வேண்டும். துணியால் துடைத்தாலோ கம்ப்ரெசர் காற்றை அடித்தாலோ கம்பி அறுந்துவிடும், பிறகு உண்மையாகவே புதிது வாங்க வேண்டியதுதான்.

இந்த ஊருக்கே உரிய காரணங்களும் உண்டு. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இரவு முழுக்க வெளியில் நிற்கும் காரில் உப்புக் காற்று வயர்ச் சொக்கட்டுகளைப் பச்சை பிடிக்க வைக்கும். பற்றரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து நம்பர்கள் ஒரே நாளில் வரும். அப்படி வந்தால் சென்சர்களை மறந்துவிட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்: எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவு, ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. 2016 மே மாதமும் 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருகியபோது நீரில் நின்ற கார்களில் இந்தச் சொக்கட் வியாதி மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். எலியையும் சொல்ல வேண்டும். குப்பைக்கும் கானுக்கும் பக்கத்தில் நிற்கும் கார் அதற்கு நல்ல வீடு, வயரின் உறை நல்ல சாப்பாடு. ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதற்கு முன் போன் லைட்டை அடித்துப் பார்த்தாலே சில நேரம் கடிபட்ட வயர் தெரிந்துவிடும்.

தேர்மொஸ்டாட் வால்வைக் கழற்றி வீசும் பழக்கம் இன்னொன்று. வெப்பமான நாட்டுக்கு அது எதற்கு என்ற வாதத்தில் கழற்றுகிறார்கள். எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் அந்த வால்வ் 82 பாகை அளவில்தான் திறக்கும். எஞ்சின் அந்தச் சூட்டில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. வால்வ் இல்லாவிட்டால் மழை இரவில், திறந்த வீதியில், எஞ்சின் 70ஐயே தாண்டாது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியூ கூடுதல் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், பி0128 எழுதும். தண்ணீர்ச் சூட்டு சென்சரை மாற்றினால் இது தீராது. சென்சர் சரியா என்பதைக் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற காரில் தண்ணீர்ச் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக, இங்கே 26, 28 பாகையில் இருக்க வேண்டும். தண்ணீர் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சரின் வயர் அறுந்திருக்கிறது, அல்லது சொக்கட் கழன்றிருக்கிறது.

ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாததைச் சொல்லும் மிஸ்ஃபயர் நம்பர்கள் இவ்வளவு சிக்கலில்லை. பி0301 முதல் பி0304 வரை கடைசி இலக்கம் சிலிண்டரைச் சொல்லும். பிளக்குக்கு மேலேயே தனித்தனிக் கொயில் உள்ள எஞ்சினில் பி0301 வந்தால் முதலாவது கொயிலை மூன்றாவது இடத்துக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நம்பர் 0303 ஆக மாறினால் கொயில் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரெஷன். நான்கு கொயில்களையும் ஒரே தடவையில் வாங்கச் சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைக் கேட்க வேண்டும்.

பி0420 வந்தால் பலருக்கு வயிறு கலங்கும். கற்றலிட்டிக் கொன்வேட்டர் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்பது அதன் கருத்து. உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கு விலையும் அதிகம், பழசை வாங்க ஆட்களும் அதிகம். கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள ஒக்சிசன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்க, அதற்குப் பின்னால் உள்ள சென்சர் ஏறத்தாழ அசையாமல் நின்றால் கொன்வேட்டர் வேலை செய்கிறது. பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் அதன் கதை முடிந்தது. அப்போதும் அதைக் கொன்றது எது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் போகும்: கவனிக்காமல் விட்ட மிஸ்ஃபயர், ஒயில் எரிக்கும் எஞ்சின். பின் சென்சருக்கும் சைலன்சர்க் குழாய்க்கும் இடையில் ஒரு நீட்டுக் குழாயைப் பொருத்தி ஈசியூவை நம்பவைக்கும் வேலை இங்கே தாராளமாக நடக்கிறது. லைட் அணையும்தான்; அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸானதால் எஞ்சினில் குறையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனை, பெற்றோல் காரில் சைலன்சர் வாயில் வரும் கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளக்கிறது. எரியும் லைட்டோடு பாஸாகி, வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துப் போகும் கார்கள் நிறையவே இருக்கின்றன.

பொருள் வாங்குவதற்குப் பஞ்சிகாவத்தைதான். மருதானையை ஒட்டிய அந்த வீதிகளில் கிடைக்காத ஜப்பான் கார்ப் பொருள் அரிது. பெரும்பகுதி பாவித்தவை. கதவு, லைட், கியர்பொக்ஸ் போன்றவற்றுக்கு அது வரம். சென்சருக்கு அப்படியில்லை. உங்கள் காரிலிருந்து கழற்றிய 20 வருட ஒக்சிசன் சென்சருக்குப் பதில் இன்னொரு 20 வருட ஒக்சிசன் சென்சர் வரும். இப்போது இரண்டு சந்தேகங்கள்: முதல் நோய் தீர்ந்ததா, புதிதாக ஒன்று ஏறியதா? ஒக்சிசன் சென்சர், பிளக், தேர்மொஸ்டாட் போன்ற தேய்ந்து மாற்றும் பொருட்களைப் புதிதாகவே வாங்குவது நல்லது. எயார்ஃப்ளோ, த்ரொட்டில் பொடி போன்றவற்றைப் பாவித்ததாக வாங்குவதென்றால் பொருளின் மேல் அச்சிட்ட இலக்கத்தைக் கழற்றியதோடு ஒப்பிடுங்கள். ஒரே வடிவம், வேறு இலக்கம் என்பது இங்கே சாதாரணம். மின்சாரப் பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடும் என்ற வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். பல கார்களில் போகவும் போகும். அதோடு குறை தோன்றிய கணத்தில் ஈசியூ எடுத்து வைத்த வேகம், சூடு, டிரிம் அளவுகளும் போகும். மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தடயம் அதுதான். அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. சாவியை ஓன் பண்ணியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், எஞ்சின் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒயில் லைட்டோடு சேர்ந்து அச்சொட்டாக ஒரே நேரத்தில் அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஓபிடி 2 பேசும் கார் என்றால் ஈசியூ தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று ஸ்கேனரில் காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எல்லாச் சோதனையும் ‘முடியவில்லை’ என்று இருந்தால், அண்மையில்தான் யாரோ குறிப்புகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

அதே பக்கம்தான் பழுது பார்த்த பிறகும் தேவைப்படும். கொன்வேட்டர் போன்றவற்றின் சோதனையை ஈசியூ சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓடும்போதுதான் செய்யும். பொரளையிலும் பம்பலப்பிட்டியிலும் அங்குலம் அங்குலமாக நகரும் காரில் அந்தச் சோதனை நாட்கணக்கில் தொடங்கவே மாட்டாது. லைட் எரியாததற்குக் காரணம் வேலை சரியானதா, சோதனையே நடக்காததா என்று யாருக்கும் தெரியாது. கராஜ் காசைக் கொடுத்த கையோடு, ஞாயிறு விடியற்காலையில் பேலியகொடையில் அதிவேக வீதியில் ஏறிக் கட்டுநாயக்க வரை ஒரே சீராக 80இல் போய்த் திரும்பி வாருங்கள். வந்ததும் ரெடினஸ் எல்லாம் ‘முடிந்தது’ என்றும், நிலுவையில் நம்பர் எதுவும் இல்லை என்றும் காட்டினால் வேலை முடிந்தது. ‘முடியவில்லை’ என்று எது மிச்சமோ, அதற்கு இன்னொரு ஓட்டம்.